பேர் விழும் வரை: தோட்டத்தில் பிறக்கப் போகிறவர்களுக்கு ஒரு கைநூல்

கர்ப்பிணிகளுக்குப் புத்திமதி சொல்லும் கைநூல்களுக்குக் குறைவில்லை. சுகாதார வைத்திய அதிகாரியின் எம்.ஓ.எச். ஆபிசில் சும்மாவே கொடுப்பார்கள். பளபளப்பான தாளில் பூசணித் துண்டும் கீரைக்கட்டும் முழு மீனும் படமாக இருக்கும். ஆனால் பிரசவத்தில் நேரடியாகச் சம்பந்தப்பட்ட இன்னொரு ஆளுக்கு, அதாவது உங்களுக்கு, இதுவரை யாரும் ஒரு வரி எழுதியதில்லை. வயிற்றுக்குள் இருப்பவருக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள் போல. தோட்டத்தில் வெளியே இருக்கிறவர்களுக்கும்தான் கையில் கிடைக்கும் கடதாசியில் பாதி விளங்காது, வேறு பாஷையில் இருக்கும். அதற்காகக் கையெழுத்து வாங்காமலா விடுகிறார்கள்?

இந்த விஷயத்தில் எனக்கு மூன்று தடவை அனுபவம். ஒரு தடவை நீங்கள் இருக்கும் இடத்தில் இருந்தேன், இரண்டு தடவை உங்களைச் சுமக்கிறவரின் இடத்தில். முதல் தடவைதான் சொதப்பல். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஆனி மாதத்து மழை இரவில், அம்மாவைக் கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கி இறக்கி, கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். மூன்றாவது முடக்கு திரும்புவதற்குள் நான் அவசரப்பட்டுவிட்டேன். கொழுந்துச் சாக்கின் மேல் வந்து விழுந்த பிள்ளை. "ஃபெக்டரிக்குப் போக வேண்டியவ, தவறிப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா" என்று அம்மா இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஆகவே முதல் ஆலோசனை, நாள் பார்த்து வாருங்கள். பூசாரி நட்சத்திரம் பார்ப்பார், நீங்கள் வழியைப் பாருங்கள். தை, மாசி, பங்குனி உத்தமம். பனி கொட்டும், குளிரில் விரல் மடங்காது, ஆனால் வழி காய்ந்திருக்கும். வைகாசியில் தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் படிக்கட்டு எது, கான் எது என்று தெரியாது. ராத்திரியில் வராதீர்கள். போயா நாளைத் தவிருங்கள். தீபாவளிக்கு முந்தின இரவு கட்டாயம் வேண்டாம். ஓட்டோக்காரர் வீட்டில்தான் இருப்பார், நிதானத்தில் இருக்க மாட்டார்.

ஓட்டோ இல்லையென்றால் 1990. வருஷம் என்று நினைத்துவிடாதீர்கள், அம்புலன்ஸ் நம்பர். இந்திய உதவியோடு 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்தது. காசு கேட்பதில்லை, வருகிற பிள்ளைகளும் மரியாதையாகப் பேசுவார்கள். கூப்பிடத்தான் சிக்னல் வேண்டும். எங்கள் லயத்துக்கு, அதாவது வரிசை வீடுகளுக்கு, சிக்னல் கோயிலடியில் இரண்டு கோடு, தண்ணித் தாங்கிமேல் ஏறினால் மூன்று. வலி கண்டதும் வீட்டு ஆம்பிளை முதலில் ஓடுவது தண்ணித் தாங்கிக்குத்தான். அம்புலன்ஸ் சொன்ன நேரத்துக்கு வந்து கார்ப்பெட் ரோட்டில் நிற்கும். அதற்கு மேல் ஏறாது. வெள்ளைக்காரன் கோப்பிக்கு வெட்டிய வழி, தேயிலைக்கு விரித்த வழி, இப்போது கல் மட்டும் மிச்சம்.

இந்தக் கைநூல் முழுவதிலும் உங்களுக்கு ஆபத்தான இடம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். லேபர் ரூமைக் கண்டு பயப்பட வேண்டாம். லயத்து வாசலில் இருந்து ரோட்டு வாசல் வரை இரண்டு மைல். அந்த இரண்டு மைலுக்கு டாக்டர் இல்லை, சட்டம் இல்லை, நாலு தோள்தான் இருக்கிறது.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நடப்பதை வஞ்சகமில்லாமல் புகழத்தான் வேண்டும். 1930களில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2000 தாய்மாருக்கு மேல் செத்துக்கொண்டிருந்த தீவு இது. இன்றைக்கு அந்தக் கணக்கு 40க்கும் கீழே. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கி, ஊருக்கு ஊர் மிட்வைஃபை வைத்து, ஆஸ்பத்திரியைச் சும்மா திறந்துவிட்டதால் வந்த பலன். வெளிநாட்டார் வந்து படித்துக்கொண்டு போகிற பாடம். தோட்டத்துக்கு மட்டும் அந்தப் பாடம் கடைசி மணிக்குத்தான் வந்தது. நம்மைப் பார்த்துக்கொள்ளத் தனியாக 1912ஆம் ஆண்டின் சட்டமொன்று இருந்தது. அதன்படி தொழிலாளியின் மருந்துக்குத் தோட்டம் பொறுப்பு, தோட்டத்துக்குத் தொரை பொறுப்பு. தொரைக்குக் காய்ச்சல் வந்தால் கண்டிக்குப் போவார், தொழிலாளிக்கு வந்தால் டிஸ்பென்சரியில் சிவப்புத் தண்ணி. பிரசவத்துக்கு லயத்து மருத்துவச்சி. அரசாங்க மிட்வைஃப் தோட்டத்துக் கேற்றுக்கு வெளியே, தோட்டத்து மிட்வைஃப் உள்ளே என்று வெகு காலம் ஓடியது.

இப்போது கேற் திறந்திருக்கிறது. நீங்கள் வந்து சேர்ந்த எட்டு வாரத்துக்குள் உங்கள் அம்மா மிட்வைஃப் மிஸ்ஸிடம் பதிய வேண்டும். உத்தியோகப்படி அவர் பெயர் குடும்பநல உத்தியோகத்தர். அப்படி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 3000 பேருக்கு ஒரு மிஸ் என்பது கடதாசிக் கணக்கு. அந்த 3000 பேரும் ஒரே சமதரையில் இருப்பார்கள் என்று நினைத்துப் போட்ட கணக்காக இருக்கும். எங்கள் மிஸ் குடையும் பையுமாக மூன்று டிவிஷன் ஏறி இறங்குவார். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் அவர் பையிலேயே இருக்கும்.

கண்ணு பட்டுவிடும் என்று மூன்று மாதம் வரை வாய் திறக்கக்கூடாதென்பது அம்மாயியின் சட்டம். எட்டு வாரத்துக்குள் பதியவேண்டுமென்பது மிஸ்ஸின் சட்டம். இரண்டுக்கும் நடுவில் நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்றுதான். விடியற்காலையில் அம்மாவைச் சத்தமாக வாந்தியெடுக்க வையுங்கள். லயத்துக் காம்பராவுக்குக் காம்பரா ஒற்றைச் சுவர். பிரட்டுக் களத்துக்கு ஆள் சேருமுன் முழு லயத்துக்கும் தெரிந்துவிடும், பத்து மணிக்கு மிஸ்ஸுக்கும் தெரிந்துவிடும்.

அதன் பிறகு கிளினிக். இரத்தம் எடுப்பார்கள், சிறுநீர் கேட்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள். இரத்தம் எந்த வகை, இரத்தம் காணுமா, சீனி இருக்கிறதா, மேக வியாதி உண்டா என்று எல்லாம் பார்த்து அட்டையில் எழுதுவார்கள். அந்த அட்டை உங்கள் முதல் அடையாள அட்டை. நனையாமல் பொலித்தீனில் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். பயணத்தில் எதை மறந்தாலும் அதை மறக்க விடாதீர்கள், வயிற்றுக்குள்ளிருந்து ஒரு உதை விட்டு ஞாபகப்படுத்துங்கள்.

நிறுப்பதுதான் பெரிய சடங்கு. உங்கள் அம்மா தராசுக்குப் புதியவர் அல்ல. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை தராசடியில் நிற்கிறவர். அந்தத் தராசில் மழை ஈரத்துக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று கழிப்பது வழக்கம். கிளினிக் தராசில் முதல்முறை ஏறிய என் கூட்டாளியொருத்தி, மிஸ் 44 என்று சொன்னதும், "கழிச்சதா, கழிக்காததா?" என்று கேட்டாள். மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. வரிசையில் நின்ற மற்ற எல்லாருக்கும் விளங்கியது.

அடுத்தது குளிசை. இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், கல்சியம், விற்றமின் சி. இவற்றில் இரும்புக்கும் உங்கள் ஊருக்கும் ஒரு பழைய பகை இருக்கிறது. தேயிலையில் உள்ள ஒரு சரக்கு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. அதனால் குளிசையோடு தேத்தண்ணி குடிக்கக் கூடாது, முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும் என்று மிஸ் சொல்வார். சரியான அறிவுரை. ஆனால் யாரிடம் சொல்கிறார் என்று பாருங்கள். விடிந்ததும் சாயத் தேத்தண்ணியும் ரொட்டியும், பத்து மணிக்கு மலையில் தேத்தண்ணி, பகலைக்கு ஒன்று, வேலை விட்டு வந்து ஒன்று, குளிருக்கு ஒன்று. அந்த ஒரு மணித்தியாலத்தை எங்கே கொண்டுபோய்ச் செருகுவது? "அப்ப எதுலம்மா முழுங்குறது?" என்று கேட்ட பெரியவளுக்கு "தண்ணியில" என்று மிஸ் சொன்னார். "பச்சத்தண்ணியா, இந்தக் குளிருலயா?" ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை நட்டபோது உலகத்துக்கு ஒரு பானம் கிடைத்தது. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வெளிறின கண்மடலும் மேல் மூச்சும் கிடைத்தன. எல்லாப் பழியையும் தேத்தண்ணி மேல் போடவும் கூடாது. கொடுப்பதற்கு இறைச்சியும் முட்டையும் இருந்தால் ஒரு கோப்பைச் சாயம் என்ன பெரிதாகத் தடுத்துவிடப் போகிறது?

உங்கள் பேரில் திரிபோஷா பக்கெட் வரும். சோளமும் சோயாவும் அரைத்த மா, 1973 முதல் கொடுத்து வருகிறார்கள். அரசாங்கம் அதை அம்மாவுக்கென்று எண்ணித் தருகிறது. லயத்தில் அது எண்ணிக்கையில் நிற்பதில்லை. சீனி போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்தால் அண்ணனுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, பக்கத்துக் காம்பராப் பொடியனுக்கு ஒன்று, பல்லில்லாத தாத்தாவுக்கு ஒன்று. மிச்சம் உங்களுக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கு நீங்கள் அண்ணனாகும்போது உங்களுக்கும் ஒரு உருண்டை விழும்.

வயிற்றுக்குள் இருக்கும்போதே உங்களுக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். உங்கள் அம்மா இத்தனை கிலோ கொழுந்து எடுத்தால்தான் அன்றைக்கு அவருக்குப் பேர் விழும். செக்ரோலில் ஒரு நாள் சம்பளம் என்று பதிவதைத்தான் பேர் என்கிறோம். எடை குறைந்தால் அரைப்பேர். அதே போலக் கடைசி மாதங்களில் 12 மணித்தியாலத்துக்குள் நீங்கள் 10 தடவை உதைக்க வேண்டும். அம்மா அட்டையில் கோடு போட்டு எண்ணுவார். குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். மலையில் நிற்கும்போது உதைத்து வீணாக்காதீர்கள். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, வாயில் கங்காணியோடு வாக்குவாதம், அங்கே யார் எண்ணுவது? ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு உதையுங்கள்.

கர்ப்பிணிக்கு லேசான வேலை கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. லேசான வேலையென்றால் லயத்துக்குக் கிட்ட உள்ள மலை. மலையில் லேசான மலை எது என்று சட்டம் சொல்லவில்லை. பிரசவ லீவு விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். பிரசவ நன்மைகள் சட்டம் 1939இல் வந்தது. அதில் மூன்றாவது பிள்ளையிலிருந்து லீவு பாதியாகக் குறைந்துவிடும், 84 நாள் 42 ஆகிவிடும். மூன்றாவதாகப் பிறந்தது பிள்ளை செய்த குற்றம் போல. 2018இல் திருத்தினார்கள், இப்போது எத்தனையாவதாக வந்தாலும் 84 நாள். செக்ரோலில் பேருள்ள அம்மாவாகப் பார்த்து வந்திருந்தால் கவலையில்லை. கைகாசுக்குக் கொழுந்தெடுக்கிற அம்மாவென்றால் அந்தச் சட்டமும் அம்புலன்ஸ் மாதிரித்தான், ரோட்டில் நின்று ஹோர்ன் அடிக்கும்.

நாள் நெருங்கினால் தூரத்துத் தோட்டத்து ஆட்களை முன்கூட்டியே வாட்டில் படுக்க வைப்பார்கள். அந்த இரண்டு மைலுக்கு டாக்டர்மார் கண்டுபிடித்த ஒரே மருந்து இதுதான், நல்ல மருந்துதான். அம்மாவுக்கு வாழ்க்கையில் கிடைக்கும் முதல் ஓய்வும் இதுவாக இருக்கலாம். என் இரண்டாவது பிள்ளைக்கு ஒன்பது நாள் படுத்திருந்தேன். ஒன்பது நாளும் யாரோ சமைத்தது, யாரோ கூட்டியது. வீட்டில் கோழி என்ன சாப்பிட்டதோ என்ற கவலை மட்டும்தான்.

எந்த ஆஸ்பத்திரி என்பது உங்கள் கையில் இல்லை. சுகப்பிரசவமென்றால் கிட்ட உள்ளது. சிக்கலென்றால் டிக்கோயா கிளங்கன், நுவரெலியா, நாவலப்பிட்டி. மிகவும் சிக்கலென்றால் கண்டி, பேராதனை. கிளங்கனில் 150 கட்டிலோடு கட்டிய புதிய ஆஸ்பத்திரியை 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். நோர்வூட் மைதானத்துக் கூட்டத்தில் எம்.ஜி.ஆரையும் முரளிதரனையும் சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார். எம்.ஜி.ஆர். 1917இல் நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பது எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். அவரைக் கையில் ஏந்திய மருத்துவச்சி யார் என்று மட்டும் ஒரு மேடையும் இதுவரை கேட்டதில்லை.

வாட்டில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். தமிழ் தெரிந்த மிஸ் டியூட்டியில் இருந்தால் அது உங்கள் ஜாதக பலன். இல்லாவிட்டால் துடைக்க வருகிற அக்காதான் மொழிபெயர்ப்பாளர். டாக்டர் ஐந்து நிமிஷம் பேசுவார், அக்கா அதை "ஒண்ணுமில்லையாம்" என்று தமிழில் சொல்வார். உங்கள் அம்மாவுக்கு "ரிதெனவாத" என்றால் வலிக்கிறதா என்று தெரிந்தால் போதும், "ஓவ்" என்று சொன்னால் போதும். கடைசி நேரத்தில் மொழிப் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும். தள்ளுவதற்குச் சிங்களத்திலும் "தல்லு" தான். எத்தனையோ ஆணைக்குழுவும் ஒப்பந்தமும் தேடிக் கிடைக்காத பொதுச்சொல், அங்கே அந்தக் கட்டிலில் இரண்டு பக்கமும் சேர்ந்து கத்துகிற சொல்.

அப்பாவை உள்ளே விட மாட்டார்கள். கேற்றடியில் பிளேன்டீக் கடையில் நிற்பார். அவரை மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் வந்து விழுந்ததும் அழுங்கள், அது கட்டாயம். அழுது முடிப்பதற்குள் உங்களைத் தூக்கித் தராசில் வைப்பார்கள். அம்மாவின் பரம்பரைத் தொழிலில் இதுதான் உங்கள் முதல் நாள். 2500 கிராம் என்பது இங்கே உங்கள் கணக்கு. அதற்குக் கீழே என்றால் எடை குறைந்த பிள்ளை என்று எழுதுவார்கள். என் மூத்தவள் 2480. "இருபது கிராமுக்கு அரைப்பேரா போட்டுட்டாங்க?" என்று என் மாமியார் கேட்டார். ஈரத்துக்குக் கழித்திருப்பார்களோ என்று ஒரு சந்தேகமும் அவருக்கு. சிரிப்பு ஒரு பக்கம். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 17, தோட்டத்தில் 32. அந்த வித்தியாசம் லேபர் ரூமில் தொடங்கியதல்ல. உங்கள் அம்மா பிள்ளையாக இருந்தபோதே அவரது தட்டில் தொடங்கியது.

இன்னொரு எச்சரிக்கை, இது உங்களுக்கல்ல, உங்களுக்குப் பின்னால் வரவிருக்கும் தம்பி தங்கைக்கு. குடும்பக் கட்டுப்பாடு பற்றிக் கேட்பார்கள். கேட்டால் நல்லது, யோசித்துப் பதில் சொல்லலாம். 1980களில் ஆபரேஷன் செய்துகொண்டால் 500 ரூபா என்று அரசாங்கம் கொடுத்தது. அன்றைய தோட்டத்துச் சம்பளத்தில் அது எத்தனை நாள் பேர் என்று எண்ணிப் பாருங்கள். தோட்டத்து லொறியே வாசலுக்கு வந்தது, பெண்களை ஏற்றிக்கொண்டு போனது என்று எங்கள் பெரியம்மாமார் சொல்வார்கள். பிரசவ வலிக்கு மேலே ஏற மறுத்த அதே லொறி அந்த வேலைக்கு எப்படி ஏறியது என்று அவர்களில் ஒருவர் கேட்ட கேள்விக்கு எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது.

வீட்டுக்கு வந்த முதல் பத்து நாளுக்குள் மிஸ் இரண்டு தடவை வருவார். தொப்புள் பார்ப்பார், பால் குடிக்கும் விதம் பார்ப்பார், அம்மாவின் காய்ச்சல் பார்ப்பார். அம்மாயி அதே நேரத்தில் காய மருந்து இடித்துக்கொண்டிருப்பார், பூண்டும் மிளகும் நல்லெண்ணெயும். மிஸ் மீன் கொடு என்பார், அம்மாயி கருவாடு மட்டும் என்பார். நீங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கொட்டாவி விடுங்கள், அதுதான் நடுநிலை. 84 நாள் முடிந்ததும் பிள்ளைக் காம்பராவில் சேலைத் தொட்டிலில் உங்களுக்கு ஓர் இடம். ஒரு வயது வரை வேலை நாளில் இரண்டு தடவை பால் கொடுக்க அம்மாவுக்குச் சட்டப்படி நேரமுண்டு. கொழுந்து நிறுக்க இறங்கும்போதே ஓடி வருவார். மூச்சு வாங்குவதைப் பொருட்படுத்தாமல் குடியுங்கள்.

பதிவு 42 நாளுக்குள். இதை அலட்சியம் செய்யாதீர்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகு இதே லயத்தில் பிறந்தவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் வளர்ந்தார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று பிரித்தபோது, பிறக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள்: "இயற்கைப் பெருக்கம்". உங்கள் தாத்தாவின் தங்கச்சி ஒருவேளை அதுதான். 2003இல் வந்த சட்டத்தோடுதான் மிச்சமிருந்தவர்களுக்கும் வழி பிறந்தது. ஆகவே உங்களுக்குக் கிடைக்கப்போகும் கடதாசி சாதாரணக் கடதாசி இல்லை, உங்கள் குடும்பம் மூன்று தலைமுறை காத்திருந்து வாங்குவது.

என் மூத்தவளுக்குக் கோகிலவாணி என்று பேர் தேர்ந்தெடுத்தோம். அவள் அப்பா ஒரு துண்டில் அழகாக எழுதிக் கொண்டுபோனார். பதிகிறவர் சத்தமாக வாசிக்கச் சொன்னார், கேட்டார், சிங்களத்தில் எழுதினார், முத்திரை குத்தினார். வீட்டுக்கு வந்து பள்ளிக்கூடத்து மாஸ்டரிடம் காட்டியபோதுதான் தெரிந்தது, வாணி விழுந்துவிட்டது. கோகில மட்டும் இருந்தது. திருத்த வேண்டுமென்றால் இன்னொரு நாள் வேலையை விட்டு, இன்னொரு தடவை அந்த இரண்டு மைல் இறங்க வேண்டும்.

என் அம்மா கடதாசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பொலித்தீனில் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டுச் சொன்னார்: "விடுடி. அரைப்பேராச்சும் விழுந்துச்சே."